காசித்தும்பைக்குப் பொறுமை போன கதை

விலங்கும் செடியும் கல்லும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையின் உச்சியை ஒட்டிய சோலைக்காட்டில் எந்நேரமும் நீர் சொட்டும் பாறை ஒன்று இருந்தது. மழை பெய்தால் மழைநீர் சொட்டும். மழை இல்லாத நாளில் மேகம் வந்து மேலே உட்கார்ந்து சொட்டும். அந்த ஈரத்தில் மட்டும் ஒரு செடி வளர்ந்தது. கண்ணாடிபோல் நீரோடும் தண்டு, இளஞ்சிவப்புப் பூ, பூவின் பின்னால் தேன் நிறைந்த ஒரு மெல்லிய வால். இன்று நாம் காசித்தும்பை என்று வீட்டு முற்றத்தில் வளர்க்கிறோமே, அதன் மூத்த குடும்பம் அது. அன்றைக்கு அந்தப் பெயர் வந்திருக்கவில்லை. பாறையில் குடியிருந்ததால் பாறைக்காரி என்றே எல்லாரும் அழைத்தார்கள்.

பாறைக்காரியைப் பற்றி மலை முழுவதும் ஒரே பேச்சு: என்ன பொறுமை, என்ன பொறுமை! ஒருத்தியை ஊரே கூடிப் பொறுமைசாலி என்று புகழ்கிறது என்றால், அவள் தலைமேல் யாரோ வசதியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

உட்கார்ந்திருந்தவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காயையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார்கள். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடிப்பார்கள். கத்தரிக்காயை அமுக்குவார்கள். சுரைக்காயில் நகத்தை இறக்குவார்கள். தேங்காயைச் சுண்டி, காதோரம் வைத்து ஆட்டுவார்கள். வாங்குவதும் வாங்காததும் பிற்பாடு. தொட்டுப் பார்ப்பது பிறப்புரிமை. வீட்டுத் தோட்டத்துக்கு மலைப்பூவின் விதை வேண்டும் என்று அவர்கள் பாறைக்கு வந்தபோது, அதே விரல்களோடுதான் வந்தார்கள்.

அந்நாளில் பாறைக்காரியின் காய் பயற்றங்காய்போல் இறுக மூடியிருக்கும். உள்ளே விதை முற்றியபின் தானாக உதிரும். முற்றுவதற்கு முன் நகம் ஆழப் பதிந்தால் கீறலில் நீர் இறங்கி, காய் அழுகிவிடும். வந்தவர்கள் ஒரு காயைக் கிள்ளினார்கள், "பிஞ்சு" என்றார்கள், அடுத்த காயைக் கிள்ளினார்கள், அதையும் "பிஞ்சு" என்றார்கள். இவ்வாறு ஒரு செடியின் எல்லாக் காய்களையும் பிஞ்சு என்று கண்டுபிடித்துவிட்டு வெறுங்கையோடு இறங்கினார்கள். மறு ஆண்டும் வந்தார்கள். அந்தச் செடிக்கு ஆயுள் ஒரு மழைக்காலம். அடுத்த ஆண்டு என்பது அதன் விதைக்குள் மட்டுமே இருந்தது. நாற்பது செடிகள் இருந்த பாறையில் கடைசியில் ஒரே ஒரு செடி மிஞ்சியது. அதில் ஒரே ஒரு காய்.

வாய் இருந்தும் அவள் ஏன் ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்கலாம். பாறையின் கட்டளை அப்படி. பாறை அவளுக்குப் பெரியம்மா முறை.

"வீடு தேடி வந்தவங்களை எதிர்த்துப் பேசக்கூடாது, மகளே. பொறுத்துக்கோ. என்னைப் பாரு. எத்தனை யுகமாத் தலையில தண்ணி சொட்டுது. ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?" என்பாள் பாறை.

யுகயுகமாகப் பொறுத்ததன் பலனாக அவள் தலையில் ஒரு குழி விழுந்திருந்தது. அதையும் அவள் பெருமையாகத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு ஆவணி மாதத்தில் உலகாம்பிகை மலையேறி வந்தாள்.

உலகாம்பிகை அடிவாரத்துப் புளியறைக்குடியில் பெரிய வீட்டுக்காரி. அவள் விரல் படாத காய் அந்த ஊர்ச் சந்தையில் விற்றதே இல்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடங்களிலும் பெண்ணின் உள்ளங்கையை அமுக்கிப் பார்த்து, "வேலை செஞ்ச கை மாதிரித் தெரியலையே" என்று மூன்று வீடுகளில் எழுந்து வந்தவள். நான்காவது வீட்டில் பெண் தன் கையைக் கொடுக்காமல், "முதல்ல உங்க கையைக் காட்டுங்க அத்தை" என்றாள். சபையே கொல்லென்று சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் எப்படியோ திருமணம் முடிவாகிவிட்டது. அந்தப் பெண்ணின் தாய் நாச்சியாரம்மாள்தான் இப்போது இந்தப் பயணத்துக்குக் காரணம். போன வாரம் உலகாம்பிகையின் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் போகிற போக்கில் ஒன்று சொன்னாள்: "எல்லாப் பூவும் இருக்கு சம்பந்தி. அந்த மலைப்பூ ஒண்ணுதான் இல்ல போல. பரவாயில்ல, எல்லாருக்குமா அமையும்?"

அந்தப் 'பரவாயில்ல' உலகாம்பிகையைத் தூங்கவிடவில்லை.

அவளுக்குப் பின்னால் கட்டுச்சோற்று மூட்டை, பாய், செம்பு, காலில் ஏறும் அட்டைக்குப் போட உப்பு முடிச்சு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவள் கணவர் அம்பலவாணர் வந்தார். திருமணமாகி முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் பேசிய சொற்களை ஒரு வெற்றிலையில் எழுதிவிடலாம். சுண்ணாம்பு தடவ இடமும் மிஞ்சும்.

உலகாம்பிகை பாறை முன் நின்றாள். பாறைக்காரியின் ஒற்றைக் காயைக் கண்டாள். இரண்டு விரல்களால் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினாள்.

"பிஞ்சு. ஆனா நல்ல இனம்."

'நகத்தை வெட்டிவிட்டு வா' என்ற சொல் பாறைக்காரியின் நாக்கு நுனிவரை வந்தது. பாறை மெல்லக் கனைத்தாள். பாறைக்காரி சொல்லை விழுங்கினாள்.

வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் இறங்கிப் போய்விடுவார்கள். உலகாம்பிகை அந்த ரகம் இல்லை. "பாயை விரிங்க. முத்துற வரைக்கும் இங்கதான்" என்றாள். தேன் எடுப்பவர்கள் விட்டுப்போன ஒரு குடிசை பக்கத்தில் இருந்தது. அம்பலவாணர் பாயை விரித்தார்.

மறுநாள் காலை பல் விளக்கிய கையோடு வந்து அமுக்கினாள். "நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. சோம்பேறிச் செடி. ஏங்க, நம்ம வீட்டுல இருந்தா இந்நேரம் ரெண்டு காய் முத்தியிருக்கும், கேட்டியளா?"

"ம்" என்றார் அம்பலவாணர்.

'நீ ஒரு காய் காய்த்துக் காட்டு, பார்ப்போம்.' இதையும் பாறைக்காரி விழுங்கினாள்.

இதற்கிடையில் கீழே வேறொரு நட்பு முளைத்திருந்தது. அம்பலவாணர் ஈரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, சருகுக்குள்ளிருந்து ஓர் அட்டை தலையை உயர்த்தியது.

"ஐயா, கணுக்கால் பக்கம் கொஞ்சம் இடம் கிடைக்குமா? ரெண்டு நாளாச் சாப்பாடு இல்ல."

அம்பலவாணர் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "ஏறிக்கோ. ஆனா சத்தம் காட்டாதே. அவகிட்ட உப்பு இருக்கு."

"அந்தப் பேரைச் சொல்லாதீங்க ஐயா, உடம்பு கூசுது."

"எனக்கும்தான்" என்றார் அவர். அந்த வீட்டில் சமையலுக்கு உப்புப் போடுவது யார் என்று அட்டை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அமுக்கல் சற்று ஆழம். நான்காம் நாள் அவள் காயை முகர்ந்தும் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் நாக்குக்கு வந்தது, ஒவ்வொரு முறையும் பாறை கனைத்தாள், சொல் உள்ளே போயிற்று. காயின் பச்சைத் தோலில் நகத்தின் பிறைகள் வரிசையாகப் பதிந்திருந்தன. இன்னும் ஒரு நூல் ஆழம் போயிருந்தால் உள்ளே நீர் இறங்கியிருக்கும்.

ஐந்தாம் நாள் காலை அமுக்கிவிட்டு உலகாம்பிகை தீர்ப்புச் சொன்னாள்: "நாளைக்கு மறுநாள் மருமகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி முன்னால வெறுங்கையோட நிக்க முடியாது. நாளைக்குக் காலையில முத்தினாலும் சரி, முத்தாட்டியும் சரி, பறிச்சுட்டு இறங்குதோம். அடுப்புக்கு மேல பரண்ல போட்டா தானா முத்திட்டுப் போகுது."

பாறைக்காரியின் தண்டில் ஓடிய நீர் ஒரு கணம் நின்றது. பறித்த காய் பரணில் முற்றாது, சுருங்கும். உள்ளே இருக்கும் விதைகள் வெளுத்துச் செத்துவிடும். வேறு செடி இல்லை, வேறு காய் இல்லை. இந்த மலையில் அவள் குடும்பம் என்பது இந்த ஒரு பச்சைப் பையோடு முடிந்துவிடும். விதை கறுக்க இன்னும் ஒரு நாள் வேண்டும். நாளை உச்சிப்பொழுது வரை வேண்டும். உலகாம்பிகையோ விடிந்ததும் வந்து நிற்பாள்.

அவள் ஐந்தாவது சொல்லையும் விழுங்கினாள். அது கொஞ்சம் பெரிய சொல், இறங்க நேரமாயிற்று.

வயிறு நிறைந்த அட்டை அன்று பிற்பகல் பாறைமேல் நெளிந்து ஏறி வந்தது. "என்ன தங்கச்சி, நிறமே மாறிக் கிடக்கே?"

"நாளைக்கு எல்லாம் முடிஞ்சுது, அண்ணாச்சி."

"நீ அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"விருந்தாளிகிட்ட..." என்று பாறை தொடங்கினாள்.

"பெரியம்மா, நீங்க கொஞ்சம் சொட்டிக்கிட்டு இருங்க" என்றது அட்டை. பிறகு செடியிடம் திரும்பியது. "அஞ்சு நாளா அஞ்சு சொல்லை முழுங்கியிருக்கே. நான் எண்ணிக்கிட்டுத்தான் வாறேன். முழுங்கினது எல்லாம் எங்க போச்சு?"

பாறைக்காரிக்கு அதைப் பற்றி யோசிக்கத் தோன்றியதே இல்லை. தன்னைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்தாள். வேரில் இல்லை. தண்டில் இல்லை. இலையில் இல்லை. காயில் இருந்தது. அதன் தோல் ஐந்து கீற்றுகளாகச் சேர்த்துத் தைத்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு கீற்றிலும் ஒரு சொல் இறங்கி, நீட்டி இழுத்த நார்போல் விறைத்து நின்றது.

"இங்க இருக்கு அண்ணாச்சி. முறுக்கிக்கிட்டு நிக்குது."

"அப்படிச் சொல்லு. இப்ப என்னைப் பாரு. என்னை யாராச்சும் தொட்டா நான் என்ன செய்வேன்?"

"சுருண்டுக்குவீங்க."

"எப்ப? யோசிச்சுட்டா? பெரியம்மாகிட்ட உத்தரவு கேட்டுட்டா?"

"தொட்ட உடனே."

"அவ்வளவுதான் வித்தை" என்றது அட்டை. "மத்தபடி எனக்குப் படிப்பு கிடையாது."

பாறை கலவரப்பட்டாள். "இது நம்ம வழக்கம் இல்ல, மகளே. நாலு பேர் என்ன சொல்லுவாங்க? பொறுமைசாலின்னு உனக்கு இருக்கிற பேரு என்ன ஆகும்?"

பாறைக்காரி வெற்றுப் பாறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு காலத்தில் முப்பத்தொன்பது செடிகள் நின்ற இடம். எல்லாருமே நல்ல பெயர் எடுத்தவர்கள்.

"அந்தப் பேரை நீங்களே வச்சுக்கோங்க, பெரியம்மா" என்றாள். அவள் விழுங்காமல் எதிர்த்துச் சொன்ன முதல் சொல் அதுதான்.

ஆறாம் நாள் காலை உலகாம்பிகை குளித்து, கொண்டை போட்டு, விதைக்கென்று கொண்டுவந்த சின்னப் பித்தளைச் சிமிழோடு வந்து நின்றாள். மூட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்பலவாணர் பின்னால் நின்றார். விதைகள் அரைவாசிதான் முற்றியிருந்தன. உலகாம்பிகை கையை நீட்டினாள்.

"அம்மா, கையை எடுங்க" என்றாள் பாறைக்காரி.

உலகாம்பிகை நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். "யாரு பேசுனது?"

"நான்தான். என்னைத் தொடாதீங்க. உச்சிப்பொழுது வரைக்கும் பொறுங்க. விதை தானா உதிரும். உங்களுக்கும் தாறேன்."

நியாயமான பேச்சு. இரண்டு பக்கத்துக்கும் நட்டமில்லாத பேச்சு. உலகாம்பிகை அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"பாத்தியளா! செடி என்னைப் பொறுக்கச் சொல்லுது!" என்று கணவரிடம் திரும்பினாள். "அஞ்சு நாளா வாயைத் திறக்காம இருந்துட்டு இப்பப் பேசுது. அந்த நாச்சியாரம்மா மக மாதிரியே. ஏட்டி, நான் யாருன்னு தெரியுமா? எங்க வீட்டுல எத்தனை செடி இருக்குன்னு தெரியுமா? ஒண்ணாவது எதிர்த்துப் பேசுமா? அந்த மல்லிகையைக் கேளு. அரளியைக் கேளு. பெரியவங்க கை வச்சா குனிஞ்சு நிக்கணும். எங்க மாமியார் கை வைக்காத நாள் உண்டா? நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?"

பேச்சு மாமியாரில் தொடங்கி, மாமியாரின் நாத்தனாருக்குப் போயிற்று. அங்கிருந்து தன் திருமணத்தில் சரியாக வேகாத பருப்புக்கு வந்தது. மரியாதையைப் பற்றி உலகாம்பிகை பேசத் தொடங்கினால் நடுவில் நிறுத்தும் வழக்கம் இல்லை. அம்பலவாணர் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். வெயில் மரங்களுக்கு மேல் ஏறியது. மூடிய காய்க்குள், பச்சையாக இருந்த விதைகள் பழுப்பாயின. பழுப்பாக இருந்தவை கறுத்தன. பெண் பார்க்கும் நாளில் மருமகள் சொன்ன அந்தச் சொல்லுக்கு உலகாம்பிகை வந்து சேர்ந்தபோது சூரியன் நேர் உச்சியில் நின்றது.

"...கையைக் காட்டணுமாம், கையை! இந்தா காட்டுதேன், பாத்துக்கோ!" என்று சொல்லி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காயை இறுகக் கிள்ளினாள்.

ஐந்து கீற்றுகளும் ஒரே நொடியில் சுருண்டன.

ஐந்து நாட்களாகச் சொல்லப்படாதவை எல்லாம் ஒன்றாகச் சொல்லப்பட்டன. விதைகள் சிதறின. சில பாறையின் செங்குத்தான பக்கத்தில், மனிதக் கை எட்டாத வெடிப்புகளில் போய் ஒட்டின. ஒன்று நேராகப் பாறையின் தலையில் இருந்த குழியில் விழுந்தது. ஒரு கைப்பிடி அளவு உலகாம்பிகையின் முகத்தில் மோதி, கொண்டைக்குள் நுழைந்தது. ஒரு விதை, அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அம்பலவாணரின் வாய்க்குள் போயிற்று.

உலகாம்பிகை கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் விதை இல்லை. பச்சையாக, ஈரமாக, ஐந்து சுருள்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"ஐயோ அட்டை! அஞ்சு அட்டை! உப்பை எடுங்க, உப்பை எடுங்க!"

உப்பு முடிச்சு அவிழ்வதற்குள் அவள் பாதி மலை இறங்கிவிட்டாள். பித்தளைச் சிமிழ் பாறையடியில் கிடந்தது. அம்பலவாணர் அதை எடுத்துத் துடைத்தார். பிறகு பாறைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த சிரிப்பு, முடிய நேரமாயிற்று. கணுக்காலில் இருந்த அட்டையை மெல்ல எடுத்து இலைமேல் விட்டுவிட்டு அவரும் இறங்கினார்.

"விருந்தாளியை இப்படியா வழியனுப்புறது?" என்று பாறை அன்று மாலைவரை முணுமுணுத்தாள். ஆனால் மறு ஆண்டு முதல் மழைக்கு, அவள் தலைக்குழியில் இரண்டு இலை விட்டு ஒரு கன்று எட்டிப் பார்த்தபோது அவள் பேச்சு மாறிவிட்டது. "இந்தக் குழியை இதுக்குத்தானே இத்தனை யுகமா வெட்டி வச்சிருந்தேன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊரில் நடந்தது வேறு. உலகாம்பிகை வளைகாப்புக்கு வெறுங்கையோடு போனாள். மலையில் அட்டை அதிகம் என்று மட்டும் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை கிணற்றடியில் அவள் தலை அலசியபோது, கொண்டைக்குள் குடியிருந்த விதைகள் நீரோடு இறங்கி, வாழைக்குப் போகும் ஓடையோரம் தங்கின. ஒரு மாதத்தில் செடி, இரண்டு மாதத்தில் பூ. உலகாம்பிகை உடனே நாச்சியாரம்மாளை அழைத்து வந்து காட்டினாள்.

"நானே மலையேறிப் போய், பக்குவம் பார்த்துக் கொண்டாந்து போட்டது, சம்பந்தி."

"காய் முத்திருச்சா?" என்று கேட்டாள் நாச்சியாரம்மாள். அவளும் அதே ஊர்க்காரிதான். கேட்டுக்கொண்டே ஒரு காயை அமுக்கினாள்.

அவள் கொண்டையும் பெரிய கொண்டை. அடுத்த மழைக்கு அவள் வீட்டிலும் செடி வந்தது. அங்கே விசாரிக்கப் போனவர்கள் வீடுகளிலும் வந்தது. குளித்த நீரும் அரிசி கழுவிய நீரும் குடித்து, ஊர்ச் செடிக்கு உடம்பு வைத்தது. பூவின் இதழ்கள் அடுக்கடுக்காகப் பெருத்தன, தேன்வால் குட்டையாயிற்று. மலையில் இருப்பவள் மட்டும் அதே மெலிந்த உடம்போடு, அதே நீண்ட வாலோடு, கை எட்டாத ஈரப்பாறைகளில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறாள். அவளைப் பார்க்க வேண்டுமானால் மலையேற வேண்டும், மழையில் நனைய வேண்டும், அட்டைக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

அம்பலவாணர் விழுங்கிய விதை என்னவாயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதன்பிறகு அவர் சில வேளைகளில் பதில் சொல்லத் தொடங்கினார் என்று அந்த வீட்டுச் சமையலறை சொல்கிறது.

மலையிலிருந்தாலும் முற்றத்திலிருந்தாலும், காசித்தும்பையின் முற்றிய காயைத் தொட்டால் அது படீரென்று வெடித்து, தோல் அட்டைபோல் சுருண்டுகொள்வது அன்று முதல்தான். நம் ஆட்கள் அதற்குப் பிறகாவது கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. வெடிப்பதைப் பார்ப்பதற்கென்றே தேடிப் போய்த் தொடுகிறார்கள், தொட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். அவளும் தடுப்பதில்லை. அவர்கள் விரலை வைத்துத்தான் அவள் அடுத்த ஆண்டுக்கு விதைத்துக்கொள்கிறாள்.